மழை கொடுத்த சிவப்பு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வேட்டியிலிருந்து பிறந்தது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்து எழுந்தேன். பின்பக்கம் முழுக்கச் செம்மண் சிவப்பு. மூன்று சலவைக்கும் அசையவில்லை. நான்காவது சலவையில் திட்டிக்கொண்டிருந்தபோது மனசுக்குள் அம்மாக்கண்ணு வந்துவிட்டாள்.

2
முதல் தொடக்கம்: ‘தென்னார்க்காடு மாவட்டம், செஞ்சியில், 1964-ஆம் ஆண்டு...’ இது தாலுக்கா ஆபீஸ் அறிக்கை. விடுங்கள்.

இரண்டாவது: அம்மாக்கண்ணு சுவருக்கு நிறம் பூசுகிறவள். ஊரே பாண்டிச்சேரி டப்பா பெயிண்டுக்கு மாறிய பிறகு, செம்மண்ணைக் கரைத்து, வடிகட்டி, காயவைத்து மறுபடி சுவருக்குக் கொண்டுவந்தவள். மழை அடித்துக்கொண்டு வந்த மண்ணைத்தான் அள்ளுவாள்; மலையை வெட்டமாட்டாள். இந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கதை கெட்டாலும் பரவாயில்லை.

3
கடைத்தெருவில் ரங்கநாதன் புது ஜவுளிக்கடை கட்டினார். பெயிண்ட் வாடை புடவையில் ஏறிவிடுகிறது என்று இவளைக் கூப்பிட்டார்.

“முகப்பு பூரா செவப்பா இருக்கணும். வெள்ளிக்கிழமை தொறப்பு. நல்லா வந்துட்டா கடைத்தெரு பூரா செவுத்து வேலை உனக்குத்தான்.”

ஆறு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. சேர்த்துவைத்த மண்ணெல்லாம் போட்டுப் பூசி முடித்தாள். நன்றாகப் பிடிக்கட்டும் என்று வெல்லத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியதுதான் தப்பு. புதன்கிழமை மதியம் அவள் சாப்பிட்டு வருவதற்குள் கோயில் மாடு கீழ்ப்பாதியை நக்கித் தீர்த்திருந்தது.

(முதல் பிரதியில் ஆடு. அவ்வளவு உயரம் எட்டாது என்று மாட்டை வரவழைத்தேன்.)

4
அவள் புருஷன் கலியபெருமாள் கடைவாசலுக்குக் கடப்பாரையோடு வந்தான்.

“மலை எம்மாம் பெருசு. ரெண்டு கூடை எடுத்தா கொறைஞ்சிடுமா?”

“நான் எடுத்தா கொறையாது. நல்லா இருக்குதுன்னு கடைத்தெரு பூரா கேட்டா? அப்ப எத்தினி கூடை?”

“டப்பா பெயிண்டு வாங்கியாந்துடுவாங்க. அப்ப இன்னா பண்ணுவே?”

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

இங்கே நான் குறுக்கே விழுந்தேன். ‘வியாழக்கிழமை விடியலில் கோடைமழை கொட்டி, மலைச்சரிவெல்லாம் செம்—’

அடித்துவிட்டேன். எனக்கு மழை என்பது ஒரு வரிதான். ஆனால் இரண்டு கூடை மண்ணைத் தொடாதவளுக்கு நான் எந்த முகத்தோடு இலவச மழை கொடுப்பது?

5
வியாழக்கிழமை அவள் கீழ்ப்பாதியைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினாள். சட்டி அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வேப்பம்பிசினில் குழைத்தாள். இந்த முறை வெல்லம் கிடையாது. சிவப்புக்குச் சற்றுக் கீழே, வெள்ளையில், விரல் பருமனுக்கு ஒரே ஒரு கோடு இழுத்தாள். முகப்பு கரை வைத்த புடவையாகிவிட்டது. சத்தியமாக இது நான் யோசித்ததில்லை. எனக்கு இவ்வளவு அழகு வராது.

6
வெள்ளிக்கிழமை காலை ரங்கநாதன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“பூரா செவப்புன்னு சொன்னேனே.”

“மழை குடுத்தது இவ்ளோதான் மொதலாளி. மீதி வேணும்னா ஐப்பசி வரைக்கும் பொறுக்கணும்.”

அவர் சிரிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். பாண்டிச்சேரிக்கு ஆள் அனுப்புவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவர் வாயைத் திறக்கிறார். அந்த வார்த்தையை நீங்களே சொல்லுங்கள். ஆனால் கலியபெருமாளின் கடப்பாரை இன்னும் அந்தச் சுவரோரம்தான் சாய்ந்திருக்கிறது. ‘பிரமாதம்’ என்று சொல்வதாக இருந்தால், அடுத்து எத்தனை சுவர், அதற்கு எத்தனை கூடை மண் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவள் அதற்காகத்தான் நிற்கிறாள்.