படம் இல்லாத பக்கம்

ஃபஹ்மிதா அக்காவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படம்கூடக் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதற்குக் கீழே எழுத்து. அவ்வளவுதான். முதல்முறை பார்க்கிறவர்கள் நெட் சரியில்லை என்று போனை ஆட்டிப் பார்ப்பார்கள்.

அக்கா எடுப்பது முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை மட்டும். ஆண்கள் பள்ளிவாசலில் நிக்காஹ் முடிக்கிற நேரத்தில், பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் மணப்பெண்ணை எடுப்பார். அந்தப் படம் வெளியே போகக் கூடாது. அதனால் எடிட்டிங்கையும் அதே வீட்டில் உட்கார்ந்து, பெண்ணின் உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே லேப்டாப்பில் முடித்துவிடுவார். பென் டிரைவை உம்மா கையில் கொடுத்து, அவர் கண்முன்னால் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பிறகு, அந்தப் படத்தை எப்படி எடுத்தோம் என்பதை மட்டும் இன்ஸ்டாகிராமில் எழுதிப் போடுவார்.

நான் முதலில் படித்தது இது:

“காலை. ஜன்னல் பெண்ணுக்கு இடது பக்கம், வெள்ளைத் திரை. ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் 2.2, ஷட்டர் 30-ல் ஒன்று. எடிட்டிங்கில் நிழலைக் கொஞ்சம் தூக்கினேன். ஆரஞ்சு வெளிச்சத்தைக் குறைத்து மருதாணிச் சிவப்பை மட்டும் விட்டுவைத்தேன். சுவர் பச்சை. அந்தப் பச்சை தாடைக்கு அடியில் ஏறிவிட்டது. அதை அடக்க அந்த இடத்துக்கு மட்டும் மேஜென்டா ஒரு சிட்டிகை.”

படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். பச்சை தாடைக்கு அடியில் ஏறியிருக்கிறது என்றால் அந்தப் பெண் சுவரை ஒட்டி நின்றிருக்கிறாள். ஷட்டரை இவ்வளவு மெதுவாக வைத்திருக்கிறார் என்றால் அவள் அசையாமல் நின்றிருக்கிறாள். சாம்பல் கட்டத்துக்குள் ஒரு அறை பையப் பையத் திறந்துகொண்டது. ஒரு பெரிய வீட்டின் வாசலில் தெரியாமல் வந்து நின்றுவிட்டவள் மாதிரி, போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் பேச்சிராஜ் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஸ்டுடியோவின் கடைசி அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது; வாய் திறக்காமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். அண்ணாச்சி நல்லவர்தான். ஆனால் படம் எடுக்கும்போது பக்கத்தில் யாராவது நின்றால் கேமராவின் பின்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான்.

அக்காவின் பக்கத்தை அவரிடம் காட்டினேன்.

“மீனக் காட்டாம கொழம்புக்கு ருசி சொல்லுதா,” என்று சிரித்தார். “செட்டிங்க வெளிய சொன்னா நாளைக்கு எவன்ட்டி நம்மளக் கூப்பிடுவான்? இவளுக்குக் கிறுக்குல்லா புடிச்சிருக்கு!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவின் பழைய கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு அணைக்கட்டுக்குப் போனேன். உச்சிவெயில். மதகுப் பக்கம் கொக்குகள். அக்கா எழுதிய அதே எண்களை ஒன்றுவிடாமல் வைத்து எடுத்தேன். எல்லாம் வெள்ளை வெளேரென்று வந்தது.

“ஏட்டி வடிவு, கொக்க எடுக்கப் போனியா, சுண்ணாம்புப் பானைய எடுக்கப் போனியா?” என்றார் அண்ணாச்சி.

எழுதிக் கேட்பது எனக்குப் பேசுவதைவிட லேசு. அக்காவுக்கு நடந்ததை எழுதினேன். பதில் வந்தது: “அதெல்லாம் அந்த அறையோட எண்ணு, பிள்ள. நீ நின்ன இடத்துல வெளிச்சம் எப்படி இருந்துச்சு? அத முதல்ல எழுது.”

அன்றிலிருந்து வெளிச்சத்தை எழுதி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டு தகரக்கூரைக்கு அடியில் இருப்பது, வாழைத்தோட்டத்துக்குள் இலை வழியாக இறங்குவது, நெல் காயப்போட்ட ரோட்டிலிருந்து எழும்பி முகத்துக்கு வருவது. அக்கா ஒவ்வொன்றுக்கும் என்ன எண் வைக்கலாம் என்று பதில் எழுதுவார். உலகம் முழுவதும் யாரோ வெளிச்சத்தை ஊற்றி வைத்திருக்கிறார்கள், நான்தான் இத்தனை நாளும் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஒருநாள் அக்கா எழுதினார்: “ஏரல்ல ஒரு கல்யாணம். வெளிச்சத்தத் திருப்பி விட தெர்மாகோல் பிடிக்க ஆள் வேணும். வருதியா?”

போனேன்.

வீடு ஆற்றங்கரையில் இருந்தது. மாடியில் மணப்பெண் மர்வாவை உட்காரவைத்திருந்த அறை, ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னலோடு. அக்கா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகவேயில்லை. அறையைச் சுற்றிப் பைய நடந்தார். தன் கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த இடத்தில் கை எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அக்காவை அப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். நான் எழுத்தில் படித்ததெல்லாம் அந்தக் கையில் நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் மர்வாவின் சித்தி மகள் அர்ஷியா உள்ளே வந்தாள். காலேஜ் படிக்கிறவள். மர்வா அக்காவின் பேரைச் சொன்னதும் கத்தினாள்.

“ஏ, நீங்கதானா நம்பரா எழுதுத அந்தக் கணக்கு அக்கா! ஒங்க பேஜ எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் பாக்கோம். கல்யாண வீட்டு விசயமெல்லாம் போடுவீங்கல்லா!”

மர்வாவின் உம்மா அக்தர் பானு திரும்பினார்.

“என்ன பேஜு? என்னத்தப் போடுவா?”

அர்ஷியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“படம் போடமாட்டேன் மாமி,” என்றார் அக்கா. “எப்படி எடுத்தேங்கிறத மட்டும் எழுதுவேன். படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோசனமா இருக்கும்.”

“எம் மகள எப்படி எடுத்தேன்னு ஊரெல்லாம் எழுதுவியோ? கேமராவ உள்ள வைம்மா.”

அக்கா லென்ஸை மூடினார். இந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் ஏரல் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு எந்த வீட்டிலும் பெண்கள் அறைக் கதவு அக்காவுக்குத் திறக்காது. அந்தப் பக்கமும் அத்தோடு போய்விடும்.

“அதுல ஒரு மொகங்கூட இல்லம்மா,” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

“நீ யாரு?”

“தெர்மாகோல் பிடிக்க வந்தவ. நான் தெனமும் பாக்கேன். படமே கெடையாது. கேளுங்க.” போனை எடுத்து, அந்த முதல் குறிப்பை வாசித்தேன். வாசித்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றி வாய்விட்டுப் பேச எனக்கு இதுவரை யாருமே கிடைத்ததில்லை. “பாருங்க, இந்தப் பொண்ணு செவுத்த ஒட்டி நின்னுருக்கா. வலது காதுத் தொங்கட்டான் இருட்டுக்குள்ள போயிருக்கும், அதுக்குத்தான் நெழலத் தூக்கியிருக்காங்க. மருதாணி நல்லா புடிச்சிருக்கு, வெரல் நுனிவரைக்கும். அசையாம, மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னுருக்கா…”

அக்தர் பானு என் பக்கம் ஓர் எட்டு வைத்தார்.

“எல்லாத்தையும் பாத்துட்டியே!” என்றார் அக்தர் பானு. “கூடவே நின்ன மாதிரில்லா சொல்லுத. பெறகு என்ன மறைவு கெடக்கு இதுல?”

அக்காவைக் காப்பாற்ற வாய் திறந்து, நானே அவரைக் கவிழ்த்துவிட்டேன். அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அக்தர் பானு விடவில்லை. போலீஸ்காரர் மாதிரிக் கேட்டார். “அவ கறுப்பா, செவப்பா?”

“தெரியாதும்மா.”

“ஒல்லியா, தடியா?”

“தெரியாது.”

“அழுதாளா, சிரிச்சாளா? அதாவது தெரியுமா?”

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அந்த எண்களில் எங்கேயும் அது இல்லை.

“தெரியல.”

“யாரு வீட்டுப் புள்ள?”

“தெரியாதும்மா.”

“பெறகு என்னத்தத்தான் பாத்த நீ?”

“வெளிச்சத்த.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த மர்வா முதலில் சிரித்தாள். “உம்மா, நீங்க கேக்க கேள்விக்கு அந்தப் பிள்ள அழுதுரும்.”

“நீ சும்மா கெட.” அக்தர் பானு என் முகத்தையே பார்த்தார். “சரி. எங்க வீட்டுல என்ன வெளிச்சம் இருக்கு? சொல்லு பாப்போம்.”

சுற்றிப் பார்த்தேன். ஜன்னல், சுவர், கட்டில், பூக்கூடை. அக்கா கையை எப்படி நீட்டினார் என்று நினைத்துக்கொண்டு நானும் நீட்டினேன். என் கையின் மேற்பக்கத்தில் ஏதோ நெளிந்தது. அண்ணாந்து பார்த்தேன்.

மச்சு முழுக்க ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

கீழே தண்ணீரில் விழுந்த வெயில் ஜன்னல் வழியாக ஏறி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பில் வலை வலையாக அசைந்தது. ஒரு இழை இன்னொன்றைத் தொட்டுப் பிரிந்து போயிற்று. எங்கேயோ ஒரு மாடு ஆற்றில் இறங்கியிருக்க வேண்டும். வலை முழுவதும் ஒருதரம் குலுங்கி மறுபடி சேர்ந்தது. அது அங்கிருந்து இறங்கி மர்வாவின் நெற்றியிலும் தோளிலும் அவள் மடியில் கிடந்த கையிலும் விழுந்துகொண்டிருந்தது. நான் விரலால் மேலே காட்டினேன்.

எல்லாரும் அண்ணாந்தார்கள். அர்ஷியாவின் வாய் திறந்தபடி இருந்தது.

“அல்லா!” என்றார் அக்தர் பானு, பையத்தான். “கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இங்கன படுத்து எந்திரிக்கேன்.”

பிறகு அக்காவைப் பார்த்தார். “இத எடுக்க முடியுமா ஒன்னால?”

“அது இறங்கிப் போறதுக்குள்ள எடுக்கணும் மாமி,” என்றார் அக்கா. லென்ஸ் மூடி எப்போதோ கழன்றிருந்தது.

மாப்பிள்ளையின் அக்கா வந்து மர்வாவுக்குக் கருகமணி கட்டினார். அக்கா என்னைத் தெர்மாகோலோடு தரையில் உட்காரச் சொன்னார். நான் பிடித்த வெள்ளையில் மேலிருந்து விழுந்த வெளிச்சம் பட்டு, மர்வாவின் கழுத்துக்குத் திரும்பிப் போயிற்று. கை கடுத்தது. அசைக்கவில்லை. அக்கா வெகுநேரம் அழுத்தாமலே காத்திருந்தார். இரண்டு இழைகள் கண்ணுக்கு மேலே விலகிய அந்த நேரத்தில்தான் ஷட்டர் சத்தம் கேட்டது.

பகல் சாப்பாடு முடிந்ததும் அக்கா லேப்டாப்பைத் திறந்தார். பெண்ணின் உம்மா மட்டும்தான் பக்கத்தில் இருக்கலாம் என்பதால் நான் வெளியே போக எழுந்தேன்.

“நீ எங்க போற?” என்றார் அக்தர் பானு. “கை வலிக்கப் புடிச்சவ பாத்துட்டுப் போ.”

பார்த்தேன். வெளிச்சம் நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது. ஆனால் அந்த முகம்! எத்தனை எண்களைச் சேர்த்து வாசித்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. அது எப்படி இருந்தது என்பதை நான் எழுத மாட்டேன். அது அந்த வீட்டுக்குச் சொந்தம்.

படங்களை அழித்து முடித்ததும் அக்கா கேட்டார். “மாமி, எழுதட்டுமா வேண்டாமா? நீங்க சொன்னாத்தான்.”

“பேரு வரக் கூடாது.”

“வராது.”

“ஊரும் வரக் கூடாது.”

“வராது மாமி.” (இங்கே நான் சொல்லியிருக்கும் பேரும் ஊரும்கூட மாற்றியவைதான்.)

“எழுதினத எங்கிட்ட வாசிச்சுக் காட்டணும்.”

அக்கா அங்கேயே எழுதி வாசித்தார். “காலை. ஆற்றைப் பார்த்த ஜன்னல். தண்ணீரிலிருந்து மச்சுக்கு ஏறி இறங்கும் வெளிச்சம். கீழிருந்து வெள்ளை அட்டை. ஐஎஸ்ஓ 640, அப்பர்ச்சர் 2.8, ஷட்டர் 250-ல் ஒன்று. நெளியும் வெளிச்சம் நிற்க வேண்டும் என்பதால் வேகம். எடிட்டிங்கில் மச்சின் வெள்ளையைத் தொடவில்லை.”

அக்தர் பானு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஒண்ணு விட்டுட்ட. ஜன்னல் பெருசுன்னு போடு. நாலு கதவு ஜன்னல். எங்க வீட்டுக்காரரு சண்ட போட்டு வச்சது.”

அக்கா சிரிக்காமல் சேர்த்துக்கொண்டார். அக்தர் பானு மறுபடி அண்ணாந்து பார்த்தார். வெயில் நகர்ந்துவிட்டிருந்தது, மச்சில் ஒன்றும் இல்லை.

“நாளைக்குக் காலைலயும் வரும்லா?” என்று என்னிடம் கேட்டார்.

“மேகம் இல்லன்னா வரும்மா,” என்றேன்.