கை எந்த உயரத்தில் இருந்தது

1

இந்தக் கதை ஓர் அரைத்தாளிலிருந்து வந்தது. திங்கட்கிழமை காலை கோல்டர் கல்லூரி விளையாட்டு அலுவலகத்து மிஸ் பெவர்லி அதை என் கையில் கொடுத்தார். 'சனிக்கிழமை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நீங்கள் கண்டதை எழுதவும்' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கட்டங்கள். தெரிந்தே செய்தார். தெரியாமல் செய்தார். ஏதாவது ஒன்றில் குறி போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டுமாம்.

கோல்டர் மைதானத்தில் கோடு போடுகிறவன் நான். தகரத்தில் வெட்டிய அச்சைப் புல்லில் வைத்து, வெள்ளைச் சாயம் அடித்து, இருபத்து மூன்று வருஷம் கல்லூரியின் பெயரை எழுதினேன், அது என்ன எழுத்து என்று தெரியாமலேயே. நாற்பத்தொன்பதாம் வயதில்தான் நூலகத்து ஞாயிறு வகுப்பில் படிக்கக் கற்றேன். (மறுநாள் போய் என் சாயத்தை நானே படித்தேன். ஓர் எழுத்து கோணல். அத்தனை வருஷமும் ஒருவரும் சொல்லவில்லை.)

என்னை எழுதச் சொல்லி யாரும் கேட்டது இதுதான் முதல் தடவை. அரைத்தாள் போதவில்லை. மிச்சம் இது.

2

முதல் தொடக்கம்: 'அந்தச் சனிக்கிழமை வானம் ஒரு'

அடித்துவிட்டேன். வானத்தை யார் கேட்டார்கள்?

இரண்டாவது: 'வென்டெல் கிரிக்ஸ்பி நல்ல மனிதர்.' இது செத்தவர்களுக்கு எழுதுவது. அவர் செவ்வாய்க்கிழமைகூட என்னோடு உட்கார்ந்து பொரித்த மீன் தின்றார்.

மூன்றாவது: 'வென்டெல் கிரிக்ஸ்பியின் கைகள் ஏழு பாஷை பேசும்.'

இது நிற்கட்டும்.

3

வென்டெல் கிரிக்ஸ்பி எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பாட்டத்துக்குத் துணைப் பயிற்சியாளர். எதிரணி பந்தைக் கட்டிக்கொண்டு ஓடிவரும்போது நம் பதினொரு பேர் எங்கே நிற்பது என்று ஓரத்திலிருந்து சொல்ல வேண்டியது அவர் வேலை. இருபதாயிரம் தொண்டைகள் கத்துகிற இடத்தில் வாய் உதவாது, கைதான். தலையைத் தொட்டால் ஒன்று, முழங்கையைத் தட்டினால் ஒன்று. எதிராளி படித்துவிடக் கூடாதே, அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் சைகை வேறு.

இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு ஏழு கல்லூரி. தலைமைப் பயிற்சியாளரை விரட்டினால் துணை ஆட்களும் மூட்டை கட்ட வேண்டும். யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. காலையில் வந்து அட்டையைக் கதவில் காட்டுவார், பச்சை விளக்கு எரியாது. மூன்று ஊரில் அப்படித்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அவர் மனைவி மார்வலீன் ஒரு பாத்திரப் பெட்டியை நாலு ஊராகப் பிரிக்கவே இல்லை.

"பிரிச்சு அடுக்குனா அடுத்த வாரமே கட்டச் சொல்லுவ. அது கிடக்கட்டும் போ" என்பாள்.

அதிக காலம் இருந்தது ஹாலர்டன் கல்லூரியில், ஒன்பது வருஷம். மகன் டவாரிஸ் அங்கேதான் வளர்ந்தான். சோற்று மேசையில் அப்பாவின் சைகைகளைப் பார்த்தே வளர்ந்தவன், அந்த அணியிலேயே ஆட்டக்காரனும் ஆனான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஹாலர்டன் கதவிலும் பச்சை எரியவில்லை. அப்பா கோல்டருக்கு வந்தார். மகன் வரவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் இன்னும் எத்தனை ஊருக்குப் பெட்டி தூக்குறது?"

(இங்கே அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதப் பார்த்தேன். அப்போது நான் அங்கே இல்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.)

4

சனிக்கிழமை. கோல்டரும் ஹாலர்டனும். மார்வலீன் இரண்டு அணிச் சட்டையையும் நடுவில் வெட்டி, பாதிக்குப் பாதி தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நாற்பது நொடி பாக்கி. நாங்கள் நாலு புள்ளி முன்னால். எல்லாரும் பின்வாங்கி ஆழத்தைக் காத்தால் போதும், ஜெயித்தோம். கிரிக்ஸ்பி கையைத் தூக்கினார். உச்சந்தலையில் உள்ளங்கை, பிறகு இடுப்பில் முஷ்டி.

ஹாலர்டன் பாஷையில் அதற்கு அர்த்தம்: எல்லாரும் பின்னால் போ.

கோல்டர் பாஷையில்: எல்லாரும் முன்னால் பாய்.

எங்கள் பையன்கள் பாய்ந்தார்கள். பின்னால் ஒரு குருவி இல்லை. பந்து தலைக்கு மேலே பறந்தது. பிடித்தவன் டவாரிஸ். எல்லைக்கோட்டைத் தாண்டி, நான் கோணலை நிமிர்த்தி எழுதிய அந்த எழுத்துகளின்மேல் ஓடி நின்றான். அவர்களுக்கு ஆறு புள்ளி, நாங்கள் தோற்றோம்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது:

"யோவ் கிரிக்ஸ்பி! எந்தக் காலேஜ் சட்டை போட்டிருக்கன்னு குனிஞ்சு பாருய்யா!"

ஆட்டம் முடிந்து கை குலுக்கும் வரிசையில் மகன் அப்பா முன்னால் வந்து நின்றான். ஜெயித்த முகமே இல்லை, வெளுத்திருந்தது.

"உங்க கையப் பாத்தேன்ப்பா. பின்னாடி அடைக்கப் போறாங்கன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா ஒருத்தனுமில்ல."

கிரிக்ஸ்பி தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

அப்படியானால் பழைய ஊர்ப் பழக்கத்தில் தெரியாமல் செய்தார், குறியைப் போட்டுவிட்டுப் போ என்பீர்கள். நானும் பென்சிலை எடுத்தேன். ஆனால் தாள் கேட்பது நான் கண்டதை. நான் கண்டது சைகை மட்டும் இல்லை.

5

செவ்வாய்க்கிழமை, சாயக் கொட்டகை வாசலில், மீன் பொட்டலத்தோடு.

"எல்ராய், நீ அப்ப எங்க நின்ன?"

"உங்களுக்குப் பத்தடி தள்ளி, கோச். தொடப்பத்தோட."

"அப்ப என் கையப் பாத்திருப்ப."

"சிக்னலா?"

"அதத்தான் ஊரே பாத்துச்சே. அதுக்கப்புறம். எம்புள்ள புடிச்சதுக்கப்புறம்." மீனைக் கீழே வைத்தார். "தலையில கை வெச்சேன்னு மார்வலீன் சொல்றா. கையத் தூக்கிக் கொண்டாடினேன்னு ஹாலிடே சொல்றான்." ஹாலிடே எங்கள் தலைமைப் பயிற்சியாளர். "கேமரா பூரா பையன் மேல. எனக்கு ஞாபகமே இல்லப்பா. அந்த ஒரு நிமிஷத்த யாரோ வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீங்க வேணும்னு செய்யலன்னு எழுதிடுறேன் கோச்."

"அத நான் கேக்கல. நீ என்ன பாத்த?"

இந்த இரண்டு வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். வேலைக்காக மட்டும் இல்லை. தன் கையைப் பார்த்தே பயந்தார்.

6

(அ) 'தெரியாமல்' கட்டத்தில் குறி போடுகிறேன். மீன் தின்ற சிநேகிதம் என்று ஹாலிடே சிரிப்பார்.

(ஆ) 'தெரிந்தே' கட்டத்தில் போடுகிறேன். இந்த நாட்டில் இனி எந்தக் கல்லூரிக் கதவிலும் அவருக்குப் பச்சை எரியாது.

(இ) அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்து

இல்லை. அது நடக்கவில்லை.

7

நான் கண்டது இதுதான். மகன் பந்தைப் பிடித்த நொடியில் வென்டெல் கிரிக்ஸ்பியின் இரண்டு கையும் மேலே எழுந்தன. உள்ளங்கை விரிந்திருந்தது. காது உயரத்தில் நின்றன. அந்த நேரம் பார்த்து ஆட்கள் குறுக்கே ஓடி வந்துவிட்டார்கள்.

கொட்டகைக் கண்ணாடி முன்னால் நின்று நானும் தூக்கிப் பார்த்தேன். காதுவரை வந்தால், அங்கிருந்து தலையைப் பிடித்துக்கொள்ளவும் போகலாம், வானத்துக்கும் போகலாம். எனக்குப் பிள்ளை இல்லை. என் கைக்குத் தெரியவில்லை.

இன்று வெள்ளி. மிஸ் பெவர்லி வாசலில் நிற்கிறார்.

நீங்கள் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷத்துப் பிழைப்பு போகிறது, ஓடுவது உங்கள் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காதுவரை வந்ததும் நிறுத்துங்கள். அதற்கப்புறம் உங்கள் கை எங்கே போகிறதோ, அதை எனக்குச் சொல்லுங்கள். பென்சில் என்னிடம் இருக்கிறது.