இருபதாம் மனை

மூன்றாவது முறையும் சங்கிலியின் முனை ஓடைக்குள்தான் போய் விழுந்தது. சர்வேயர் தசரதன் பாறையில் உட்கார்ந்துவிட்டார். இனி எத்தனை தடவை அளந்தாலும் மலை தாட்சண்யம் பார்க்கப் போவதில்லை.

ஜவ்வாது மலையில் சர்க்கார் கட்டித் தரப்போகிற இருபது வீட்டுக் காலனி அது. சரிவில் மேலேயிருந்து ஓடைக்கரை வரை ஒரே வரிசை. மனைக்கு முப்பத்து மூன்று அடி. போன தை மாசம் நிலத்தை அளந்தவரும் தசரதன்தான். அவர் அளவை நம்பித்தான் வரைபடம் போட்டார்கள். இப்போது கல் நட வந்தால் பத்தொன்பது மனைதான் தேறுகிறது. இருபதாவது தண்ணீரில் நிற்கிறது.

சரிவில் அளக்கிறவன் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடித்துப் படிப்படியாக இறங்க வேண்டும். தரையோடு போட்டு இழுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பாடம் இது. இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு மலையேறி வந்ததில் முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. பொழுது சாய்வதற்குள் இறங்கினால் போதும் என்றிருந்தது. தரையிலேயே போட்டு இழுக்கும்படி சங்கிலி பிடிக்கிற வேடியப்பனிடம் அவரேதான் சொன்னார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல்கூட இல்லை, அலுப்பு.

மனைக்கு ஒன்றரை அடி கிள்ளிச் சரிக்கட்டிவிடலாம் என்றான் வேடியப்பன். நாளைக்கே எஞ்சினியர் டேப்போடு வருகிறார், கிள்ளினால் இருபதும் தப்பாகும் என்றார் தசரதன்.

இருபதாம் எண் செல்லியம்மாளுடையது. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். ஜாபிதாவில் பேர் வந்த சந்தோஷத்தில் பழைய குடிசையைப் பிரித்து, புது வீட்டுக்கு ஆகுமென்று மூங்கிலை ஓடைக்கரையில் அடுக்கி வைத்திருந்தாள். மூன்று மாசமாகக் கொழுந்தனின் மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கை.

அவளிடம் மழுப்பத்தான் நினைத்தார். அவள் வந்து எதிரே நின்றதும் முடியவில்லை. தப்பு தன்னுடையதென்றும், மேலே எழுதிப் போடுவதாகவும், வேறு இடம் கிடைக்க ஒரு வருஷமோ இரண்டோ ஆகுமென்றும் சொன்னார். அன்றைக்குக் கால்வலி என்பதையும் எப்படியோ சொல்லிவிட்டார். சொன்னபோதே வெட்கம் பிடுங்கித் தின்றது.

செல்லியம்மாள் கத்தவில்லை. மூங்கிலை ஒரு தரம் பார்த்தாள்.

"கால் நோவுன்னா மறாநாள் வந்து அளந்திருக்கலாமே சாமி," என்றாள். "நாங்க எங்க போய்டப் போறோம்?"

அவள் மூங்கிலைச் சுமையாகக் கட்டினாள். தூக்கிவிட ஒரு கை கொடுக்கலாமென்று தசரதன் எழுந்தார். உங்களுக்குத்தான் கால் நோவாச்சே, குந்துங்க சாமி என்று சொல்லிவிட்டு, அவளே மண்டிபோட்டுத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.