பத்தரை மணிக்கு மச்சான் கோபமாக இல்லை

1

இந்தக் கதையை நான் எழுதக் காரணம் ஒரு பத்து நிமிடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நான் எழுத்தாளன் இல்லை. பெயர் சுகுமாறன். தம்போய் ஊரில் ஒரு லாரி உதிரிபாகக் கடையில் வேலை. ஃபேஸ்புக்கில் திருவிழாப் படம், சாலை நெரிசல், எங்கே ரொட்டி சானாய் நன்றாக இருக்கிறது என்று போடுகிறவன். கதை என்று உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மூன்று தொடக்கம் எழுதினேன்.

தொடக்கம் ஒன்று: "ரெங்கம் நகரை அதிகாலைப் பனி மெல்லப் போர்த்தியிருந்தது..."
[பொய். ரெங்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது பத்தரை மணிக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது.]

தொடக்கம் இரண்டு: "மனித மூளையில் கோடிக்கணக்கான செல்கள் உள்ளன. அவை..."
[பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது.]

தொடக்கம் மூன்று: "மச்சான் கோபமாக இருந்தார்."
[இது தப்பு. ஆனால் நான் செய்த தப்பே இதுதான். அதனால் இதை வைத்துக்கொள்கிறேன்.]

2

மச்சான் கோபமாக இருந்தார்.

மச்சான் என்றால் என் அக்கா சந்திரமதியின் கணவர் வீரமுத்து. வயது அறுபத்தொன்று. செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்தை வெட்டிவிட்டார், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்குப் போய்த் திரும்பி வந்த அக்கா, "மரத்த வெட்டுன கையால என் சோத்த தொடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. இவள் சமைத்து மேசையில் வைப்பாள், அவர் தொடமாட்டார். கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சமாதானம் பேசப் போனேன். மச்சான் கார் போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர். நான் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மச்சான், மரம் போனா போவுது லா. அக்கா வாய் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

அவர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். எங்கோ பார்த்தார்.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவரு பேசமாட்டாரு தம்பி. ராஜாவாச்சே. நீ வந்து தேத்தண்ணி குடி."

நான் விடவில்லை. எங்கள் அப்பா அம்மா சண்டையைச் சொன்னேன். வயதான காலத்தில் துணை எவ்வளவு முக்கியம் என்று சொன்னேன். நானே அசந்துபோகும்படி பேசினேன். பத்து நிமிடம்.

(இந்த இடத்தில் ஒரு கணக்கு. பக்கவாதம் வந்த மூளையில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது லட்சம் செல்கள் சாகின்றனவாம். பிறகுதான் படித்தேன். பத்து நிமிடத்துக்கு இரண்டு கோடி. நான் துணையின் முக்கியத்துவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது.)

பேப்பர் மடியிலிருந்து நழுவியது. அவர் அதைப் பிடிக்கப் போகவில்லை. வலது கை தொடைமேல் அப்படியே கிடந்தது. வாயோரம் எச்சில்.

"மச்சான், சிரிங்க."

அவர் சிரித்தார். பாதி முகம் மட்டும்.

3

[இங்கே ஒரு பத்தி எழுதி அழித்துவிட்டேன். வெட்டிய கை எது, விழுந்த கை எது என்று அதில் இருந்தது. கதையில் படித்தால் நானே நம்பமாட்டேன். ஆனால் அக்கா நம்பினாள். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னதுதான் பலிச்சிருச்சு தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதனால் இதை மட்டும் அடைப்புக்குள் விடுகிறேன்.]

4

ஆஸ்பத்திரியில் டாக்டர் லோஷினி இருந்தார். முதல் வரைவில் இவரை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேன், கண்ணில் கருணை, குரலில் கனிவு என்று. உண்மையில் அவசரத்தில் இருந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார்.

"ரத்தக்கசிவு இல்ல. அடைப்புதான். கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? நல்லா பேசினது, நடந்தது, யாராவது பாத்த நேரம் வேணும்."

நான் வாயைத் திறந்தேன். பத்து மணி என்று சொல்ல வந்தேன். ஏதாவது சொன்னால் மருந்து கொடுப்பார்கள் என்று தோன்றியது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார்," என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "இதுக்குக் குடுக்கறது ரத்தக்கட்டிய கரைக்கிற மருந்து. நாலரை மணி நேரத்துக்குள்ள குடுத்தாதான் உதவும். நேரம் போனப்புறம் குடுத்தா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். நடுவுல கொஞ்சம் செல்லு போயிடுச்சு, அத ஒண்ணும் பண்ண முடியாது. சுத்தி இருக்கறது இன்னும் சாகல. ரத்தம் வராம செயலிழந்து கிடக்குது. அதத்தான் நாம காப்பாத்தப் பாக்கறோம்."

(நாற்றங்காலில் வாடிய செம்பனைக் கன்று மாதிரி, தண்ணீர் கண்டால் நிமிரும், என்று அவர் வாயில் ஓர் உவமையைப் போட்டிருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நேரம் இல்லை அவருக்கு.)

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாங்க பேசறதில்ல டாக்டர்."

"எப்பலேருந்து?"

"வியாழக்கிழமையிலேருந்து. காலையில அவரு எழுந்தாரு, கதவு சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல."

பக்கத்தில் நின்ற நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை என்று எழுதினால் எல்லாம் முடிந்தது. மச்சான் பேசாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்ட ஒரு வீட்டில், பேச்சு போன நேரம் யாருக்குத் தெரியும்?

"வேற யார்கிட்டயாவது பேசினாரா? கடையில, போன்ல?"

5

வரைவில் இந்த இடத்தில், "சட்டென்று எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது" என்று எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கா வந்துச்சு?"

திருத்திக்கொள்கிறேன். அக்காவுக்குத்தான் வந்தது.

"தம்பி, அந்தக் கோயில் குரூப்ப தொறந்து பாரு. ஊருக்கெல்லாம் பேசுவாரு. எனக்குத்தான் பேசமாட்டாரு."

ரெங்கம் கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். ஆறு மாதமாகச் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன். காரணம் மச்சான். தினமும் நாலு நிமிடம், ஐந்து நிமிடம் என்று குரல் பதிவு போடுவார். யாரும் கேட்பதில்லை, எல்லாரும் கைகூப்பும் படம் மட்டும் போடுவோம். திறந்தேன். அன்றைய தேதி. ஒன்பது ஐம்பத்திரண்டு. கீழே ஏழு கைகூப்புகள்.

டாக்டர் போனை வாங்கிக் காதோரம் வைக்காமல் எல்லாருக்கும் கேட்கும்படி போட்டார்.

"வணக்கம், வீரமுத்து பேசறேன். லெட்சுமணன் கேட்டிருந்தாரு, அடுத்த வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு முருங்கக்கீரை. இந்த வாட்டி எங்க வீட்டுலேருந்து வராது. மரத்த நான் வெட்டிட்டேன். வீட்டுல கோபமா இருக்காங்க. அவங்க கோபப்படறது நியாயம்தான். இருவது வருசமா அவங்க வச்சு வளத்த மரம், நான் கேட்டிருக்கணும். எப்படிப் பேச்ச ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. சரி, அடுத்த விசயம், வாழையிலை..."

வாழையிலையைப் பற்றி இரண்டரை நிமிடம். டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். குழறல் இருக்கிறதா, வார்த்தை மாறுகிறதா என்று பார்த்திருக்கிறார். நாங்கள் கேட்டது வேறு. அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தெளிவா பேசறாரு," என்றார் டாக்டர். "ஒம்பது அம்பத்திரண்டு." நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் எழுதினார்.

மருந்து ஏறியபோது மணி பன்னிரண்டு பத்து.

6

இனி முடிவு.

முடிவு அ: மச்சான் முழுதாகக் குணமாகிவிட்டார்.
[இல்லை. இப்போதும் சில வார்த்தை மாறுகிறது. கரண்டியைச் சாவி என்கிறார். அக்கா சிரிக்காமல் கரண்டியை எடுத்துத் தருகிறாள். கை வந்துவிட்டது, சட்டைப் பொத்தான் போடத்தான் நேரமாகிறது.]

முடிவு ஆ: வெட்டிய முருங்கை துளிர்த்தது.
[உண்மைதான். ஆனால் முருங்கை எப்படியும் துளிர்க்கும். அதற்கும் மச்சானுக்கும் சம்பந்தமில்லை.]

முடிவு இ: நான் மன்னிக்கப்பட்டேன்.
[இதற்கு ஆசைப்பட்டேன். டாக்டரிடம் அந்தப் பத்து நிமிடத்தைச் சொன்னேன். இரண்டு கோடி என்றும் சொன்னேன். "அப்படியெல்லாம் கணக்குப் போடாதீங்க சார். நீங்க வரலன்னா அவரு மத்தியானம் வரைக்கும் அங்கேயே உக்காந்திருப்பாரு. சிரிக்கச் சொன்னீங்க இல்ல, பாதி முகம் சிரிக்கலன்னா பக்கவாதம், அத நாலு பேருக்குச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். நாலு பேராவது இதைப் படிப்பீர்கள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.]

உண்மையான முடிவு எனக்குத் தெரியாது. நடந்தபோது நான் ஆஸ்பத்திரி கேண்டீனில் நாசி லெமாக் சோற்றைத் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம். திரும்பி வந்தால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள்.

"பேசினாரு தம்பி."

"என்ன சொன்னாரு?"

"ஒரு வார்த்த."

"என்ன வார்த்த?"

"அது எங்களுக்குள்ள. கதையில போடறதுக்கு இல்ல."

பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா? மன்னிப்பா? தண்ணீரா? ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. மச்சானைக் கேட்டேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆகவே அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ அவரை நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தையைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு போடக் கூடாது. அவருக்கு அன்று ஒன்றுதான் வந்தது.

"____________," என்றார் மச்சான்.

அதற்கு அக்கா சொன்ன பதிலை மட்டும் அவளே எனக்குச் சொல்லிவிட்டாள். அதைப் போடலாம் என்றும் அனுமதி கொடுத்தாள்.

"சரி சரி. வாய மூடிட்டு தூங்குங்க."