முன்னாலேயே ஒட்டிய விலாசம்

"ஷூ வரல. நிக்க முடியல. என்னதான் பண்றீங்க?"

இப்படித்தான் எழுதியிருந்தார் அந்த ஆள். ஒரு வணக்கம் உண்டா, ஒரு மேடம் உண்டா? நான் இன்னும் டீ கூடக் குடிக்கவில்லை, அதற்குள் என்னவோ அவர் வீட்டில் சம்பளம் வாங்குகிறவளைக் கேட்பது போல ஒரு கேள்வி. எனக்கு எப்போதும் மூக்கின் நுனியில்தான் கோபம் உட்கார்ந்திருக்கும் என்று என் அம்மா சொல்வாள். அன்றைக்கு அது நேரே உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஷூ தைப்பவர். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்களே, அந்த ஷூ அல்ல. ஒரு கால் நெட்டை ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள், பாதம் வளைந்தவர்கள், விரல் மடங்கியவர்கள் என்று எந்தக் கடையிலும் செருப்பு கிடைக்காதவர்களுக்காக அளவெடுத்துத் தைப்பது. தைப்பது அவர், விற்பது நான். இணையத்தில் கடை போட்டு, படம் எடுத்து, ஆர்டர் பிடித்து, பெட்டியில் அடைத்துக் கூரியரிடம் கொடுப்பது வரை எல்லாம் என் ராஜ்ஜியம். வாங்குபவர்கள் காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவார்கள். அந்தக் காகிதங்களை அவர் பட்டறைச் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பார். எங்கள் வீட்டில் எங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கிறது. ஊரார் பாதங்களோ சுவர் கொள்ளாமல் இருக்கின்றன.

இந்த ஆள் சலூன் வைத்திருப்பவர். வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. "நாள் பூரா நின்னு பாக்குற வேலை. பழைய ஷூவோட அடி பேந்து போச்சு. சாஞ்சு நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போகுது, சீக்கிரம் வேணும்" என்று ஆர்டர் போடும்போதே எழுதியிருந்தார். சீக்கிரம் வேண்டும் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எடுத்தார்.

கூரியரின் இணையப் பக்கத்தில் "கொடுக்கப்பட்டது" என்று பச்சையாகக் காட்டியது. போதாக்குறைக்கு என் பெட்டியும் ஒரு வாசற்படியின் ஓரமும் மட்டும் தெரிகிற போட்டோவும் இருந்தது. அதை அவருக்கு அனுப்பினேன்.

"இது யார் வீட்டு வாசல்?" என்று கேட்டார்.

"நீங்க குடுத்த விலாசத்து வாசல்தான்" என்றேன். "வாங்கி வெச்சுக்கிட்டு வரலைன்னு சொல்றவங்க நிறைய பேரப் பாத்திருக்கேன். எங்கிட்ட இதெல்லாம் வேகாது."

பார்த்தது என்னவோ ஒரே ஒருத்தியைத்தான். போன வருஷம் ஒரு மகராசி பெட்டியை வாங்கிக்கொண்டு வரவே இல்லை என்று சாதித்து, எங்கள் கடைமேல் புகார் எழுதி ஜெயித்தும் விட்டாள். சூடு கண்ட பூனை நான். அதற்கப்புறம் கூரியர்காரன் தொலைத்த ஒரு பெட்டிக்காக இன்னொரு புகார், அதிலும் தோல்வி. மூன்றாவது புகாரிலும் தோற்றால் கடையை இழுத்து மூடிவிடுவார்கள் என்பது நாங்கள் கடை போட்டிருக்கிற இணையதளத்தின் சட்டம்.

சலூன்காரர் பதிலுக்கு "திருடி" என்று எழுதினார். கையோடு தளத்தில் புகாரும் கொடுத்தார். எனக்கு வந்ததே பாருங்கள் ஆத்திரம்! பட்டறைக்குப் போய்க் கத்தினேன்.

"ஏமாத்துறான்ங்க! ஷூவையும் வெச்சுக்கிட்டு காசையும் திருப்பிக் கேக்குறான்!"

என் வீட்டுக்காரர் தோலைச் சீவிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"நிக்க முடியலைன்னு எழுதினாருன்னு சொன்னியே."

"ஆமா, நடிப்பு."

"ஷூ கையில இருந்தா போட்டுக்கிட்டு நிப்பாரு. அப்புறம் எதுக்கு உங்கிட்ட வந்து நிக்க முடியலைன்னு அழணும்? அத வித்தாலும் வாங்க ஆள் கிடையாது. அந்தக் கால் உலகத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கு."

"நீங்க யார் பக்கம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்த மனிதரிடம் சண்டை போடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

"திருடி" என்று எழுதியதைப் படம் பிடித்து ஆதாரமாகக் கொடுக்கலாம் என்று, அவரோடு நடந்த பேச்சையெல்லாம் போனில் மேலே தள்ளிக்கொண்டே போனேன். தள்ளிய வேகத்தில் பழைய செய்திகளும் வந்தன. அதில் ஒன்று இப்படி இருந்தது.

"மேடம் வீட்ட காலி பண்றேன். பார்சல சலூனுக்கே அனுப்பிடுங்க." கீழே சலூன் விலாசம். அதற்கும் கீழே நான் போட்ட கட்டைவிரல், சரி என்று.

பெட்டியை நான் அனுப்பியதோ வீட்டு விலாசத்துக்கு.

நான் வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரிந்தால்தான் இது புரியும். ஆர்டர் வந்த அன்றே விலாசத்தை அச்சடித்துக் காலிப் பெட்டியில் ஒட்டி, அலமாரியில் அடுக்கிவிடுவேன். ஷூ தைத்து வந்ததும் உள்ளே போட்டு மூட வேண்டியதுதான். "பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வெச்சுடுற" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எல்லாரும் கடைசி நேரத்தில் கத்தரிக்கோலைத் தேடும்போது நான் மட்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருப்பேன் என்று எனக்குப் பெருமை. அந்தச் செய்தி வந்தபோது சலூன்காரருடைய பெட்டி பழைய விலாசத்தோடு அலமாரியில் இருந்தது. நான் வேறொரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்திருப்பேன். டேப்பைப் பல்லில் கடித்தபடி ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, அதோடு மறந்திருக்கிறேன்.

அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் தளத்தில் ஒரு கேள்வி காத்திருந்தது. "வாங்குபவர் விலாச மாற்றத்தை உங்களிடம் தெரிவித்தாரா?" ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அந்தப் பேச்சு நடந்தது எங்கள் இருவர் போனிலும்தான், தளத்தில் அல்ல. அவர் அதைக் காட்டினால் நான் தோற்பேன், காட்டாவிட்டால் பிழைப்பேன். என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தேன், அலமாரியைப் பார்த்தேன், மூடப்போகும் கடையை நினைத்தேன். "இல்லை"யை அழுத்தினேன்.

சலூன்காரர் எதையும் காட்டவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. தீர்ப்பு என் பக்கம் வந்தது.

"ஜெயிச்சாச்சு" என்று பட்டறை வாசலில் நின்று சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொல்லப் பார்த்தேன், குரல் ஒத்துழைக்கவில்லை.

"அப்படியா, நல்லது" என்றார். அவர் கையில், குட்டைக் காலை உயர்த்த ஷூவுக்கு அடியில் வைக்கிற ஒரு புது அடிக்கட்டை இருந்தது. எதிரே சுவரில் சலூன்காரரின் வலது பாதம்.

"இது யாருக்கு?"

"அவருக்குத்தான். ஜெயிச்சது நீ. அவர் கால் அப்படியேதானே இருக்கு?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பட்டறைப் பக்கம் போனால் அந்தப் பென்சில் பாதம் என் நெஞ்சை மிதிப்பது போல இருந்தது. ஒருநாள் என் வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குத்தினேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் நேராக இருந்தது. அவர் ஏன் என்றும் கேட்கவில்லை.

டேப் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அந்தப் பழைய விலாசம் ஊரின் மறுகோடி. கதவைத் திறந்த பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"அந்தப் பெட்டியா? வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டான்க்கா. பேரப் பாத்தா எங்க வீட்டு ஆள் இல்ல. யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம மாடிப்படிக்கு அடியில தள்ளி வெச்சேன். இவ்வளவு நாளா யாருமே வரலையேன்னு நானும் பாக்குறேன்."

துடைப்பத்துக்கும் பழைய வாளிக்கும் நடுவே இருந்தது என் பெட்டி. லேபிள் ஒரு சுருக்கம் இல்லாமல், ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. என் கைவேலைதான். அந்த அழகைப் பார்த்து அங்கேயே அழுதுவிட்டேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சலூன் ஒரு முடுக்கில் இருந்தது. ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. தாடையில் சோப்பு நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். சலூன்காரர் ஒல்லியான, என் வயதுக்காரர். அவருடைய வலது காலுக்கு அடியில் துண்டு சுற்றிய ஒரு மரக்கட்டை. கன்னத்தின் அந்தப் பக்கம் வழிக்க வேண்டுமானால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கட்டையைக் காலால் தள்ளி, அதன்மேல் ஏறி நின்று வழித்தார். மறுபடி இந்தப் பக்கம் தள்ளி, மறுபடி ஏறினார். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"உன் வண்டி வந்து சேர்றதுக்குள்ள என் நுரை காஞ்சிடும் போலிருக்கே" என்றார் நுரைக்காரர்.

"அவசரப்படுத்தாதீங்க, டிரைவர் புதுசு" என்றார் சலூன்காரர். பிறகு கதவருகே என்னையும் பெட்டியையும் பார்த்தார். "கூரியரா?"

"பழைய வீட்டுல கெடந்துச்சு" என்று மட்டும் சொல்லி நீட்டினேன்.

அவர் நுரைக்காரரை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். ஷூவை மூக்கருகே வைத்து மோந்தார். போட்டுக் கயிறு கட்டி, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். பிறகு பிடியை விட்டார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, "ஹப்பா" என்றார்.

"மேடம், இத வித்தவங்கள உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வலி பொறுக்காம அவங்கள அசிங்கமா எழுதிட்டேன். புது விலாசம் சொன்னதா எனக்கு நல்லா ஞாபகம். ஆனா என் போன் தண்ணியில விழுந்து பழசெல்லாம் போச்சு. அவங்களோ சொல்லவே இல்லைன்னு எழுதிட்டாங்க. பழைய வீட்டுல போய்ப் பாக்கவும் கால் விடல. எங்கப்பாவுக்கும் கடைசி காலத்துல இப்படித்தான், சொன்னதுக்கும் சொல்லாததுக்கும் வித்தியாசம் தெரியாம போச்சு. எனக்கும் ஆரம்பிச்சிடுச்சோன்னு வீட்டுல ஒரே பயம். கத்தி பிடிக்கிற கை பாருங்க, புத்தி பிசகினா யார் தலையக் குடுப்பாங்க?"

நான் அவருடைய ஷூவை மட்டும்தான் தொலைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனைத் திறந்து, அந்தச் செய்தியை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன்.

"நீங்க சொன்னீங்கண்ணே. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. சொல்லியிருக்கீங்க."

படித்தார். மறுபடி படித்தார். கண் கலங்கிச் சிரித்தார். "பாத்தீங்களா, சொல்லியிருக்கேன்!" என்று நுரைக்காரரிடம் காட்டினார். "தேதியோட இருக்கு!" பிறகு அந்தக் கட்டைவிரலைக் கவனித்தார். அது யாருடைய போன் என்றும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப நீங்க..."

"நான்தாண்ணே. தெரிஞ்சேதான் இல்லைன்னு அழுத்தினேன். கடை போயிடுமேன்னு பயம். மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல. காசு முழுக்கத் திருப்பித் தந்துடறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். கத்தியை எடுத்துத் துடைத்தார். எவ்வளவோ திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"காசு வேணாம். ஷூ வந்துடுச்சு" என்றார். "அந்த இல்லைங்கறத மட்டும் மாத்திடுங்க."

மாற்றினால் கடை மூடிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிப் பரிதாபம் தேட இத்தனை நடந்த பிறகும் ஒரு நொடி என் நாக்கு துடித்தது, வெட்கங்கெட்ட நாக்கு. கடித்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து தளத்தைத் திறந்து எழுதினேன்: வாங்கியவர் சொன்னார். நான் சரி என்றேன். பிறகு மறைத்தேன். அந்தச் செய்தியையும் சேர்த்து அனுப்பினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியைச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து, மிச்ச நுரையை வழித்துக்கொண்டிருந்தார். கட்டை மூலையில் கிடந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"நம்ம கடை போன்ல தெரியலையே. என்னாச்சு?"

"நான்தாங்க மூட வெச்சேன். வந்து எல்லாம் சொல்றேன்." "அவருக்கு இன்னொண்ணு தைக்க வேணாம். ஷூவ அவர் கையில குடுத்துட்டேன்."

கடை போனதைத்தான் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நேரா நிக்கிறாரா?" என்று கேட்டார்.

"நிக்கிறாருங்க" என்றேன்.