ஒரு பாட்டில் கடல்

கடல் இல்லாத நாட்டில் கடலைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு நாள் உண்டு. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரூரோ நகரின் பள்ளிகள் முரசு கொட்டி வீதிக்கு வரும். என்றோ நடந்த போரில் சிலி நாட்டிடம் பறிகொடுத்த கரைக்காக, அன்று பொலிவியா முழுவதும் குரல் எழுப்பும். ஒரூரோவில் அந்தக் குரல்களுக்கெல்லாம் மேலே ஒலித்தது நீல்டா சோக்கேயின் குரல்.

பதினைந்து வயதில் மேடை ஏறியவள் அவள். "நீலப் பெருங்கடலே" என்று தொடங்கினாள், தொடங்கியவள் நிறுத்தவில்லை. இழந்த துறைமுகங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தாள். முடிவில் வலக்காலை ஓங்கித் தரையில் ஊன்றி, "நீ எங்களிடம் திரும்பும் நாள் வரை இந்தக் கால் உன் நீரில் நனையாது" என்று சபதம் செய்தாள். கூட்டம் எழுந்து நின்றது. யாரோ எடுத்த காணொளி அதன்பின் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஊரெங்கும் கைபேசிகளில் சுற்றியது. கடலைக் காணாமலேயே கடலுக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள் நீல்டா.

இப்போது ஆசிரியப் பயிற்சியை முடித்திருந்தாள். பிப்ரவரியில் ஒரு சுரங்க ஊரின் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் ஊர் சுற்றி வந்துவிடலாம் என்றார்கள் அவளுடன் படித்த சுலேமாவும் க்ரோவரும். முதுகில் பை, கையில் வரைபடம், அதிகம் கனக்காத பணப்பை. வேறென்ன வேண்டும் இளைஞர்க்கு? சுலேமாவின் விரல் வரைபடத்தில் பொட்டோசியைத் தொட்டது, உயூனியைத் தொட்டது, மலைத்தொடரைத் தாண்டி இறங்கி அன்டோஃபகாஸ்டாவில் நின்றது. பறிபோன கரை அதுதான்.

"என்ன அட்மிரல், பேச்சே காணோம்?" என்றாள் சுலேமா. சபதத்துக்குப் பிறகு நண்பர்கள் நீல்டாவுக்கு வைத்த பட்டப்பெயர் அது.

"வர்றேன். பாறை மேல நின்னு பார்ப்பேன். இறங்க மாட்டேன்."

"நான் மட்டும் என்னவாம்?" என்றான் க்ரோவர். "கடற்படையில ஒரு வருஷம் இருந்தேன். நமக்குத்தான் கடல் இல்லையே, ஏரியில கப்பல் தொடச்சதோட சரி. கடற்படைக்காரன் கடலைப் பார்த்ததில்லைன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்கடி. எங்கம்மாகிட்டகூட சொல்லல."

நீல்டாவின் தாய், சந்தையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்பவள், மகளின் சபதத்தைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. புறப்படும் காலையில் மட்டும் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் துடைத்து, மூடியை இறுக்கி, மகளின் பையில் திணித்தாள்.

"எதுக்கும்மா?"

"நீ பேசுறதெல்லாம் சரி. அது எவ்வளவு உப்புன்னு எனக்குத் தெரியணும். ரொப்பிக் கொண்டா."

"நான் தண்ணியில இறங்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"உன்னை யாரு இறங்கச் சொன்னா? தண்ணிதானே கேட்டேன்." தாய் கஞ்சியைக் கிளறப் போய்விட்டாள்.

க்ரோவரை மொள்ளச் சொல்லலாம் என்று நீல்டா மனத்துக்குள் தீர்த்துக்கொண்டாள். தாய் கேட்டதும் கிடைக்கும், ஊருக்குத் தந்த வாக்கும் தப்பாது.

பொட்டோசியில் சிவந்த மலை ஒன்றின் கீழ் மூவரும் நின்றார்கள். உலகுக்கு வெள்ளியை வாரி வழங்கிய மலை. வெட்டிய கைகளுக்கு இருமலை மட்டும் மிச்சம் வைத்த மலை. அதன் அடிவாரத்துக் கடையில் சோளச் சூப்பு வந்தது. சட்டியின் நடுவே பழுக்கக் காய்ச்சிய கல் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கல்லையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தபடி உண்டாள் நீல்டா.

உயூனியின் உப்பு வெளியில் சனவரி மழை ஒரு விரல் உயரத்துக்குத் தேங்கியிருந்தது. மேலேயும் வானம், கீழேயும் வானம். முகில்களின் மேல் கால்வைத்து நடந்தார்கள். எங்கே நிலம் முடிகிறது என்று தேடிய கண் தேடித் தேடிக் களைத்துத் திரும்பியது.

"அட்மிரல், கால் நனைஞ்சிடுச்சு. சபதம் போச்சு," என்றான் க்ரோவர்.

"இது மழைத்தண்ணிடா. சபதத்துல மழை வராது."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ."

சிரித்தாள். ஆனால் அந்த வெளியையும் மனத்துக்குள் கடலோடு ஒப்பிட்டு, கடல் இதைவிடப் பெரிது, இதைவிட நீலம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பார்க்காத ஒன்றை அளவுகோலாக வைத்து அளக்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

எல்லையில் எரிமலை ஒன்று வெள்ளைப் புகையைக் கசியவிட்டபடி உட்கார்ந்திருந்தது. அதைக் கடந்து பேருந்து இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. காது அடைத்தது. காற்று கெட்டியானது. பையிலிருந்த காலி பாட்டில், யாரோ கையில் பிடித்துப் பிழிந்ததுபோல் தானாகவே ஒடுங்கிப்போயிற்று.

அன்டோஃபகாஸ்டாவுக்கு வெளியே ஒரு மீனவக் குப்பத்தில் அவர்கள் இறங்கியபோது பொழுது விடிந்திருந்தது. ஆனால் எதுவும் தெரியவில்லை. சாம்பல் நிற மூடுபனி மண்ணையும் விண்ணையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் க்ரோவர்கூட வெறும் நிழல். எங்கிருந்தோ ஓர் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"சுரங்க லாரிங்க," என்றான் க்ரோவர். "நம்ம ஊர்ல கேக்குற அதே சத்தம்."

நின்று கேட்டார்கள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்று முடியுமுன் அடுத்தது, அது முடியுமுன் அதற்கடுத்தது. எந்த லாரியும் ஓய்வதாக இல்லை.

"இவ்வளவு லாரி எந்த நாட்டுலயும் இல்லடா," என்றாள் சுலேமா மெதுவாக.

நீல்டாவின் கைரோமம் சிலிர்த்தது. இத்தனை ஆண்டுப் பேச்சில் ஒருமுறையேனும் அது சத்தம் போடும் என்று அவள் சொன்னதில்லை.

"யாருங்க அது?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். "சும்மா நிக்கிற கையெல்லாம் இங்க வாங்க. கயிறு வழுக்குது, சுமை போயிடும்."

கூப்பிட்டவள் யார், எந்த நாட்டாள் என்று யோசிக்க அங்கே நேரமில்லை. பைகளை எறிந்துவிட்டு மூவரும் குரலை நோக்கி ஓடினார்கள். கறுப்பு ரப்பர் உடையில் ஒரு பெண், இடுப்பில் சுற்றிய கயிற்றோடு பின்னுக்குச் சாய்ந்து நின்றாள். கயிற்றின் மறுமுனை பனிக்குள் எங்கோ இழுத்துக்கொண்டிருந்தது.

"இழுங்க. கடற்பாசிக் கட்டு. ஒரு வாரத்து உழைப்பு."

இழுத்தார்கள். கயிறு முன்னுக்கு வந்தது. வந்த அளவு பின்னுக்கும் போனது. அந்தப் பக்கம் ஒரு பெரிய விலங்கு இருந்து விளையாடுவது போலிருந்தது. திடீரென அந்தப் பெண் கால் தவறி விழுந்தாள். கயிறு அவளையும் சேர்த்து இழுத்தது. நீல்டா பாய்ந்து அவள் தோளைப் பற்றினாள். மறுகையால் கயிற்றைப் பற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மார்ச் மாத மேடையில் ஊன்றிய அதே காலை ஊன்றினாள். ஊன்றிய இடம் நகர்ந்தது. மணல் அவள் பாதத்தின் அடியிலிருந்து ஓடியது. மீண்டும் ஊன்றினாள். இன்னும் ஓர் அடி முன்னே. இன்னும் ஓர் அடி.

"இப்ப," என்றாள் அந்தப் பெண், எழுந்து நின்று. "அலையோட சேர்ந்து இழுங்க. அதுவே தூக்கிக் குடுக்கும்."

தூக்கிக் கொடுத்தது. பழுப்பு நிறக் கட்டு, மாட்டு வண்டி அளவு, மிதந்து வந்து கரையில் மோதியது. க்ரோவரும் சுலேமாவும் அதைப் பற்றி மேலே இழுத்தார்கள்.

அப்போதுதான் பனி விலகியது. திரையை உயர்த்துவதுபோல் அடியிலிருந்து மேலாக எழுந்தது. முதலில் அருகே நுரை தெரிந்தது. பிறகு அதற்கப்பால் ஒரு சாம்பல் வரம்பு. பிறகு அதற்கும் அப்பால் ஒன்று. பிறகு ஒன்று, இன்னும் ஒன்று. பார்வை எட்டும் இடத்தையும் கடந்து அது வந்துகொண்டிருந்தது. நீலம் இல்லை. ஈயத்தின் நிறம், கழுவிய பாத்திரத்தின் நிறம், பெயரே இல்லாத ஒரு நிறம். மலைகள் அசையாமல் நிற்பதால் பெரியவை. இதுவோ ஒரு கணமும் நில்லாமலே அவற்றினும் பெரிதாக இருந்தது. அவள் பிறக்குமுன் இது இப்படியே வந்தது. போர் நடந்த நாளிலும் இப்படியே வந்திருக்கும், எவன் வென்றான் என்று கேளாமல். தன் பேச்சில் இருந்த ஒரு சொல்கூட நீல்டாவின் நாவில் இல்லை.

இடுப்பு வரை குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். கடலுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

கரையில் சுலேமா கைபேசியைக் கையில் பிடித்தபடி, அதை உயர்த்த மறந்து, வாய் திறந்து நின்றாள். க்ரோவர் தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"எந்த ஊர்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண். எல்சிரா என்று பெயர் சொன்னாள்.

"ஒரூரோ. பொலிவியா."

"ஓ." எல்சிரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கேலியாகவே கேட்டாள்: "கடல் உங்களுதுன்னு சொல்றவங்க."

"ஆமா அக்கா," என்றாள் நீல்டா. பல் நடுங்கியது. "உங்ககிட்ட போயிடுச்சுன்னு சொல்வோம்."

"எங்ககிட்டயா?" எல்சிரா கயிற்றைச் சுருட்டினாள். "இந்தப் பாசியை அறுக்க அனுமதி வேணும். அறுத்ததைக் கம்பெனிக்காரன் சொன்ன விலைக்குத்தான் குடுக்கணும். முப்பது வருஷமா இதுக்குள்ளதான் கிடக்கேன். எங்களுக்கே இன்னும் கைக்கு வரலயேம்மா." பிறகு, தான் சொன்னதைத் தானே துடைத்தெறிவதுபோல் கையை வீசினாள். "சரி சரி, சுத்தி நிக்காதீங்க, விறைச்சிடுவீங்க. மேல வாங்க, டீ போடுறேன்."

நீல்டா வரவில்லை. "க்ரோவர், என் பையில பாட்டில் இருக்கு. தூக்கிப் போடு," என்றாள்.

ஒடுங்கிக் கிடந்த பாட்டிலைத் திறந்ததும் அது பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. அவளே மொண்டாள்.

தேநீர் குடித்து முடித்தபின், எல்சிராவுக்குக் கேளாத தொலைவில், க்ரோவர் சொன்னான்: "நாங்க ஒண்ணும் பார்க்கல அட்மிரல். ஒரே பனி."

"படமும் இல்லை," என்றாள் சுலேமா. "தண்ணி மொண்டது இவன். சரியா?"

நீல்டா ஈரக் காலணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் பேருந்து ஏற ஏற, பாட்டில் புடைத்தது. மலைத்தொடரின் மேல் அது முரசுபோல் விறைத்து நின்றது. உள்ளிருப்பது வெளியேறத் துடிப்பதாகத் தோன்றியது நீல்டாவுக்கு. எல்லைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். பொலிவியச் சுங்கக்காரர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன இது? சாராயமா?"

"கடல்," என்றாள் நீல்டா.

அவர் முகத்தை நிமிர்த்தினார். உற்றுப் பார்த்தார். "நீ அந்தப் பொண்ணுதானே? கால் நனையாதுன்னு சொன்ன பொண்ணு. எங்க வீட்டுப் பிள்ளைங்க உன் பேச்சை மனப்பாடம் பண்ணியிருக்காங்கம்மா." வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "இதை யாரு மொண்டது?"

"நான்தான் சார்," என்று க்ரோவர் முன்னே வந்தான். "கடற்படை. பழைய ஆளு."

நீல்டா அவன் கையைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தாள். ஆயிரம் பேர் முன் நடுங்காத குரல், ஒரு சாவடியின் முன் நடுங்கியது.

"நான் மொண்டேன். இடுப்பு வரைக்கும் இறங்கினேன்."

மேட்டுநிலக் காற்று மட்டும் தகரக் கூரையை அசைத்தது. சுங்கக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தமா, கோபமா, தெரியவில்லை. பின்பு மூடியைத் திருகினார். உள்ளே அடைபட்டிருந்த கரையின் காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. அவர் திடுக்கிட்டார். உள்ளங்கையில் ஒரு துளி ஊற்றி நாவில் வைத்தார். தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இவ்வளவு உப்பா," என்றார். பிறகு, கேட்கக் கூச்சப்படும் ஒருவர்போல்: "எப்படி இருக்கும் அது?"

நீலப் பெருங்கடலே என்று தொடங்கும் அந்தப் பேச்சு அவள் நினைவில் வந்து, நாவின் நுனிவரை வந்து, அங்கேயே கரைந்தது.

"நிக்கவே நிக்காது சார்," என்றாள். "ரொம்பக் குளிரும். நீலமெல்லாம் இல்லை. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் தலையசைத்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதற்குள் வரிசை கலைந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. பேருந்து ஓட்டுநர் உள்ளங்கையை நீட்டினார். குழந்தையைச் சுமந்த ஒருத்தி, தன் கை ஒன்றும் குழந்தையின் கை ஒன்றுமாக நீட்டினாள். நீல்டா ஒவ்வொரு கையிலும் ஒரு துளி விட்டாள். தாயின் பங்கு குறையாமல் பாட்டிலைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துப் பார்த்து விட்டாள். சுவைத்தவர்கள் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அகன்ற பாவாடையும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஒரு சந்தைக்காரி கடைசியாக வந்தாள்.

"ஊரைக் கூட்டிச் சபதம் போட்டியே, உடைச்சிட்டு வந்து நிக்கிறியேடி. வெக்கமா இல்லை?"

"உடைச்சிட்டேன் அம்மா," என்றாள் நீல்டா. "மார்ச்சுல மேடையிலயே சொல்லிடுறேன்."

"சொல்லு. நானும் வந்து திட்டுறேன்." அவள் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள். "அது வேற, இது வேற. ஊத்து."