பத்து மில்லிமீட்டர் கண்ணீர்

செத்தவர்களை வாங்கிப்போக வருகிறவர்கள் பத்து மில்லிமீட்டர் கண்ணீர் காட்ட வேண்டும். பெர்னதெத்துக்கு அது தெரியும். அவளுடைய தம்பி ரெமிஜியுஸ் செவ்வாய்க்கிழமை செத்துப்போனான். இப்போது அலுவலகக் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கழுத்தில் எண் அட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“சீக்கிரம்க்கா. ஒரு மணிக்கு மூடிருவாங்க.”

மணி பன்னிரண்டரை.

எழுத்தர் அவள் கீழ் இமைக்குள் மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதப் பட்டையைச் செருகினார். கண்ணை மூடச் சொன்னார். தம்பி முதல் சம்பளத்தில் அக்காவுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்ததை அவள் நினைத்தாள். தோள் குலுங்கியது. ஐந்து நிமிடம் கழித்து அவர் பட்டையை உருவி, நனைந்த கோடுகளை எண்ணினார்.

“ரெண்டு.”

“அழுதேன் சார்.”

அவர் பஞ்சுக் குச்சியால் அவள் மேல் இமையைப் புரட்டி, விளக்கடித்துப் பார்த்தார்.

“இங்க எண்ணெய்ச் சுரப்பி கொறஞ்சது முப்பது வரிசையா நிக்கணும். ஒங்களுக்குப் பதினொண்ணு. அதுலயும் பாதி குட்டை. மேல எண்ணெய் படராம தண்ணி நிக்காதும்மா. காத்துல போயிருது.”

“அப்ப அழுதது நெசந்தான?”

“நெசந்தான். ஆவிய எழுத இதுல கட்டம் இல்ல.”

“தலைக்கு மேல ஓடுற அந்த ஃபேனையாவது நிறுத்துங்க சார்.”

“ஃபேன் வேற பிரிவு.”

அவள் ஓடினாள். அவள் ஓட ஓட நடைபாதை நீண்டது. ஃபேன் பிரிவில் ஒரு தாளைக் கொடுத்து, செத்தவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். திரும்பி ஓடி வந்தாள். கம்பி வழியாக ரெமிஜியுஸ் கையெழுத்துப் போட்டான்.

ஃபேன் நின்றது. மணி பன்னிரண்டு ஐம்பது. மறுபடியும் பட்டை. இந்த முறை அவள் எதையும் நினைக்கவில்லை. பயந்தாள்.

“நாலு,” என்றார் எழுத்தர்.

அவளுக்குப் பின்னால் நின்ற பெண் முன்னே வந்தாள். பட்டையை வைத்த உடனே முப்பது. எழுத்தர் ரெமிஜியுஸின் எண்ணைக் கூப்பிட்டார்.

“என் தம்பி ஒங்களுக்கு யாரு?” என்று அந்தப் பெண்ணிடம் பெர்னதெத் கேட்டாள்.

“தெரியலியே. என் வரிசை வந்துச்சு.”

ரெமிஜியுஸ் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். “நேரத்துக்குச் சாப்பிடுக்கா,” என்றான். அந்தப் பெண் அவன் கையைப் பிடித்து, வழி முழுக்க அழுதபடி கூட்டிப்போனாள்.

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். “நாலுக்கு ஒருத்தர் இருக்காரு. ஆறு வருசமா யாரும் வரலன்னு அளவக் கொறச்சாச்சு.”

ஒரு கிழவர் வெளியே வந்தார். பெர்னதெத்தின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஜன்னல் மூடப்பட்டது. வெளியே நல்ல வெயில்.

“வீட்டுல யாரெல்லாம்மா?”

“நான்தான். ஒரு தம்பி இருந்தான்.”

கிழவர் பையை மறு தோளுக்கு மாற்றினார். “அவனுக்கு நான் என்ன முறை?” என்று கேட்டார்.